ஈரலும் நிமிடமும்: கல்லீரல் அறுவையில் குருதித் தடையின் வரலாறு



நாம் மருத்துவர் அல்லோம். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சொல்லாராய்ச்சியில் கழித்தோம். மொழி வளர்ச்சிக்கான இம்மேடையில் கல்லீரல் அறுவையைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அத்தைக்குக் கல்லீரலில் கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவைக்கு முந்திய நாள், மருத்துவர் ஆங்கிலத்தில் கூறியதைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அறுக்கும்போது குருதி பெருகாதிருக்க, ஈரலுக்குச் செல்லும் இரத்தத்தைப் பதினைந்து நிமிடம் நிறுத்துவோம், பின்னர் ஐந்து நிமிடம் விடுவோம், மறுபடியும் நிறுத்துவோம் என்றார் அவர். நாம் அவ்வாறே சொன்னோம். அத்தை சற்று யோசித்தார். "ரத்தத்த நிறுத்துனா ஈரல் செத்துப்போயிடாதாப்பா? அந்தப் பதினஞ்சு நிமிசத்த யாரு எண்ணிப் பாத்தது?" என்று கேட்டார்.

முதற்கேள்வியை மொழிபெயர்த்தோம், மருத்துவர் பொறுமையாக விடையளித்தார். இரண்டாம் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. மருத்துவரின் நேரத்தை வீணாக்கும் கேள்வி என்று நாமே முடிவுகட்டி விட்டுவிட்டோம். பிறகு எண்ணிப் பார்க்கையில், இரண்டுள் அதுவே ஆழமான கேள்வி என்பது புலப்பட்டது. அன்று சொல்லாமல் விட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

இரு வாயில் உள்ள உறுப்பு

தமிழில் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என மூன்று உறுப்புகள் ஈரல் என்னும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன. அச்சம் மிகும்போது 'ஈரக்குலை நடுங்குகிறது' என்கிறோம். நம்மைச் சூழ வழங்கும் மலாய் மொழியிலோ, கல்லீரலைக் குறிக்கும் 'ஹாத்தி' என்னும் சொல்லே உள்ளத்தையும் குறிக்கிறது. உணர்ச்சியின் இருப்பிடத்தை நெஞ்சில் மட்டுமன்றி வயிற்றின் மேற்புறத்திலும் தேடிய மக்கள் பலர்.

உடலியல் கூறும் செய்தி இதனினும் வியப்புக்குரியது. வளர்ந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுள்ளது. ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவு, அதன் வழியே பாய்கிறது. பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி ஒன்றே குருதியைக் கொணரும். கல்லீரலுக்கு வாயில் இரண்டு. ஒன்று, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் கிளையான கல்லீரல் தமனி. மற்றொன்று, குடலிலும் மண்ணீரலிலும் சுற்றிய குருதியைத் திரட்டிவரும் போர்ட்டல் சிரை. வரும் குருதியில் முக்கால் பங்கு இச்சிரையின் வழியே வருகிறது. எனினும் உயிர்வளியைப் பொறுத்தவரை இரு வாயில்களும் ஏறத்தாழச் சரிபாதி தருகின்றன. சிரைக்குருதியில் உயிர்வளி குறைவென்பதே காரணம்.

இத்தகைய உறுப்பில் கத்தி வைத்தால் என்னாகும்? கல்லீரலின் தசை மென்மையானது. தையல் நூலை இறுக்கினால் நூலே அதை அறுத்துக்கொண்டு வந்துவிடும். 1888இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்னும் அறுவை மருத்துவர், ஒரு பெண்ணின் கல்லீரலில் இடப்புறம் இருந்த கட்டியைத் திட்டமிட்டு அகற்றினார். அவ்வகை அறுவையில் அதுவே முதல் வெற்றி எனப் போற்றப்படுகிறது. ஆயினும் அறுவை முடிந்தபின் உள்ளே குருதி பெருகியதால் வயிற்றை மீண்டும் திறக்க நேர்ந்தது. அதன் பின்னரே அப்பெண் பிழைத்தார். 1896இல் குஸ்னெட்சோவ், பென்ஸ்கி என்னும் இருவர் ஈரலை அறுத்துவிடாத தையல் முறையொன்றை வகுத்தனர். ஆனால் தைப்பதற்கு முன் குருதியை நிறுத்துவது எவ்வாறு என்னும் வினா அப்படியே நின்றது.

கிளாஸ்கோ, 1908

அவ்வினாவுக்கு விடையளித்தவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள். 1863இல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் பணியாற்றியவர் அவர். கிளாஸ்கோ தொழில்நகரம், விபத்துகளுக்கு அங்குக் குறைவில்லை. ஈரல் கிழிந்து வருவோரைக் காப்பாற்றும் வழியைத் தேடிய அவர், 1908இல் 'ஆனல்ஸ் ஆஃப் சர்ஜரி' இதழில் தம் பட்டறிவை எழுதினார்.

அவர் கண்டறிந்த வழி எளிமையானது. தமனி, போர்ட்டல் சிரை, பித்தநாளம் ஆகிய மூன்றும் ஈரலுக்குள் நுழையுமுன் ஒரே மடிப்பில் கட்டுப்போல் சேர்ந்து வருகின்றன. அம்மடிப்பின் பின்னே இயற்கையாகவே ஓர் இடைவெளி உண்டு. விரலொன்றை அதனுள் செலுத்திப் பெருவிரலை முன்னே வைத்து அழுத்தினால், இரு வாயில்களும் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. கருவி வேண்டா, இரு விரல் போதும். பின்னாளில் விரலுக்கு மாற்றாகக் கவ்வியும் நாடாவும் வந்தன. ஆயினும் உலகின் எந்த அறுவை அரங்கிலும் இச்செயலுக்கு இன்றும் வழங்கும் பெயர் 'பிரிங்கிள் முறை' என்பதே.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பிரிங்கிள் எழுதியது வெற்றிக் கதை அன்று. ஈரல் சிதைந்த எட்டு நோயாளிகளைப் பற்றி அவர் எழுதினார். மூவர் அறுவைக்கு முன்பே இறந்தனர். ஒருவர் அறுவைக்கு இசையவில்லை. அறுவை செய்துகொண்ட நால்வரும் பிழைக்கவில்லை. முயல்களில் இம்முறையைச் சோதித்தபோதுதான் அவை பிழைத்தன. தம் மருத்துவத்தால் ஒருவரும் பிழைக்காத நிலையிலும், குருதி நின்றது என்னும் உண்மையை அவர் பதிவுசெய்தார். நோயாளிகள் இறந்தனர் என்னும் உண்மையையும் மறைக்கவில்லை. தோல்வி என்று எண்ணி அவர் அதை எழுதாமல் விட்டிருந்தால், அடுத்து வந்தோர் அனைவரும் அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருப்பர்.

குருதி நின்றபின்

குருதியை நிறுத்தும் வழி கிட்டியது. அந்நொடியிலேயே புதிய இடர் ஒன்றும் பிறந்தது. ஈரலுக்கு வரும் குருதி அனைத்தும் நின்றுவிட்டால், அதன் உயிரணுக்கள் எதைக்கொண்டு வாழும்?

உயிரணு தன் வேலைகளுக்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூற்றை நம்பியுள்ளது. உயிர்வளி இருக்கும்வரை அதை ஓயாமல் ஆக்கிக்கொண்டே இருக்கும். வரவு நின்றால் இருப்பைக் கரைக்கத் தொடங்கும். இருப்பு குறையக் குறைய, அணுச்சவ்வில் சோடியத்தை வெளியேற்றும் நுண்ணிய எக்கிகள் தளர்கின்றன. சோடியம் உள்ளே தங்குகிறது, அதனோடு நீரும் புகுகிறது, அணு வீங்குகிறது. உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது, கால்சியம் பெருகுகிறது. ஓரளவு வரை இவை யாவும் மீளக்கூடிய மாற்றங்கள். அவ்வளவைக் கடந்தால் மீளா.

கேடு ஈரலோடு நிற்பதும் இல்லை. போர்ட்டல் சிரையை அடைத்தால், குடலிலிருந்து வரும் குருதி போக வழியின்றித் தேங்குகிறது. குடல் கனத்து வீங்குகிறது. தேக்கம் நீண்டால் குடற்சுவரின் காவல் தளர்ந்து, உள்ளிருக்கும் நுண்ணுயிர்களும் நச்சுப்பொருள்களும் குருதியில் கலக்கும் வாய்ப்பு மிகுகிறது.

இதற்கு மருத்துவ உலகம் வைத்த பெயர் 'இஸ்கீமியா'. தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும், குருதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்து பிறந்தது அது. 'குருதித் தடை' என்று நாம் தமிழில் சொன்னால் பொருள் நேராக அமையும். ஆயினும் இச்சொல் உண்மையின் பாதியையே சொல்கிறது. மறுபாதியை உலகம் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று. அதற்குப் பின்னர் வருவோம்.

நாய்கள் தந்த எண்

எவ்வளவு நேரம் நிறுத்தலாம்? இதை மனிதரிடம் சோதித்துப் பார்க்க இயலாது. எனவே விலங்குகளிடம் சோதித்தனர். நாய்களிடம் நிகழ்ந்த ஆய்வுகளுள் ரஃபூச்சி என்பவர் 1953இல் வெளியிட்டது பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. ஏறத்தாழ 20 நிமிடமே பாதுகாப்பான எல்லை என்று அது காட்டியது. அவ்வெல்லைக்கு அப்பால் நாய்கள் இறந்தன.

அந்த எண் மனிதருக்கும் எல்லையாகிவிட்டது. இருபது ஆண்டுக்கும் மேலாக, 15 அல்லது 20 நிமிடத்தைத் தாண்ட அறுவை மருத்துவர்கள் அஞ்சினர். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஒப்பீட்டில் குறை இருந்தது. நாயின் உடலில் போர்ட்டல் சிரையை அடைத்தால் குடற்பகுதியில் குருதி பெருமளவு தேங்கி, இரத்த அழுத்தம் சரிகிறது. மனிதரிடம் அவ்வாறு நிகழ்வதில்லை. குருதிக்குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைக் காத்துக்கொள்கின்றன. ஆகவே நாயைக் கொன்றதில் ஈரலின் கேட்டுக்கும் குடலின் தேக்கத்துக்கும் பங்குண்டு. அந்த எண்ணை மனித ஈரலின் எல்லையாக எடுத்துக்கொண்டது பிழை. ஓரிடத்தில் பிறந்த எண்ணை, அது பிறந்த சூழலை மறந்து வேறிடத்தில் வழங்கும் பிழை அது. மொழியாராய்ச்சியிலும் நாம் அடிக்கடி செய்வதுதான்.

விரைவும் பாதித் தடையும்

எல்லை குறுகியதென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விரைந்து முடித்தல். மற்றொன்று, முழுவதையும் அடைக்காதிருத்தல். இரு வழியிலும் ஆசிய மருத்துவர்களின் பங்கு பெரிது.

வியட்நாமின் ஹனோயில் தோன் தட் துங், 1930களில் இறந்தோரின் ஈரல்களை ஆராய்ந்து அவற்றின் உட்குழாய்கள் கிளைக்கும் முறையைக் கற்றவர். கத்தியால் அறுப்பதை விடுத்து, விரல்களால் ஈரலின் தசையைப் பிசைந்து உடைத்து, அகப்படும் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டும் முறையை அவர் கையாண்டார். 1963இல் அதை 'லான்செட்' இதழில் விவரித்தார். தைப்பே நகரின் லின் தியென்-யூவும் 1950களில் விரலால் உடைக்கும் முறையை வளர்த்தார். மென்மையான தசை உடையும். உறுதியான குழாய் உடையாது. விரல் அவ்வேறுபாட்டை உணரும். குருதியை நிறுத்தியிருக்கும் குறுகிய நேரத்துக்குள் வேலையை முடிப்பதற்கு இம்முறை உதவியது.

இரண்டாம் வழிக்கு வித்திட்டவர் ஜேம்ஸ் கேன்ட்லி. ஹாங்காங்கில் மருத்துவக் கல்லூரி நிறுவியோருள் ஒருவரும், சுன் யாட் சென்னின் ஆசிரியருமான அவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு புதுச் செய்தி சொன்னார். ஈரலின் வலப்பாதி, இடப்பாதி என்னும் உண்மையான எல்லை, வெளியில் தோன்றும் மடிப்பில் இல்லை. பித்தப்பையையும் கீழ்ப்பெருஞ்சிரையையும் இணைக்கும் கோட்டில் உள்ளது என்றார். 1957இல் பிரான்ஸ் நாட்டின் க்ளோட் குயினோ, ஈரலை எட்டுக் கூறுகளாகப் பகுத்தார். ஒவ்வொரு கூற்றுக்கும் தனித் தனிக் குருதி வரவு உண்டு. இவ்வுடற்கூற்றறிவு இருந்தமையால்தான், ஜப்பானின் மகூச்சி குழுவினர் ஈரலின் ஒரு பாதிக்கு மட்டும் வரவை நிறுத்தி மறுபாதியை வாழவிடும் முறையை வகுத்து, அதன் பாதுகாப்பை 1987இல் எடுத்துக்காட்டினர். அவர்கள் முன்னிருந்த நோயாளிகள் பலருக்கு ஈரல் இறுக்க நோய் முன்னரே இருந்தது. நலிந்த ஈரல் நீண்ட தடையைத் தாங்காது என்னும் கவலையே இவ்வழியைக் காட்டியது.

எல்லை நகர்ந்தது

1978இல் பிரான்ஸ் நாட்டின் க்ளோட் உகே குழுவினர் பெரிய அளவில் ஈரல் அகற்றப்பட்ட 20 நோயாளிகளை ஆராய்ந்து எழுதினர். மனிதக் கல்லீரல், உடலின் இயல்பான வெப்பநிலையிலேயே, முன்னர் அஞ்சியதைவிட மிக நீண்ட தடையைத் தாங்கவல்லது என்று அவர்கள் காட்டினர். நலமான ஈரல் ஒரு மணி நேரம் வரையிலான தடைக்குப் பின்னும் மீண்டது. நாய்கள் தந்த எண்ணின் ஆட்சி அத்துடன் தளர்ந்தது.

'ஒரு மணி நேரம் பாதுகாப்பானது' என்று இதற்குப் பொருள் கொண்டால், பழைய பிழையையே வேறு எண்ணைக்கொண்டு மீண்டும் செய்தவராவோம். நலமான ஈரல் தாங்குவதைக் கொழுப்புப் படிந்த ஈரல் தாங்காது. இறுக்க நோயுற்ற ஈரல் அதனினும் தாங்காது. அறுவைக்குப்பின் எஞ்சுவது ஈரலின் சிறுபகுதியே என்றால், அச்சிறுபகுதியே உடல் முழுவதன் வேலையையும் செய்து, தானும் வளர வேண்டும். தடையால் அது நலிந்திருந்தால், பித்த நிறமி குருதியில் ஏறும். குருதியை உறையச் செய்யும் புரதங்கள் குறையும். இறுதியில் ஈரல் செயலிழக்கும். கல்லீரல் அறுவைக்குப்பின் நேரும் இறப்புகளில் அஞ்சத்தக்க காரணம் இதுவே.

மறுபக்கத்தையும் மறத்தலாகாது. தடையே வேண்டா என்று விட்டால் குருதியிழப்பு மிகும். பிறர் குருதியைப் பெருமளவு ஏற்ற நேரும். அதுவும் நோயாளிக்குத் தீங்கே. ஹாங்காங்கில் மேன், ஃபான் ஆகியோர் 1997இல் 100 நோயாளிகளைக்கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு பாதியினருக்கு விட்டுவிட்டுத் தடை செய்யப்பட்டது. மறுபாதியினருக்குத் தடையே செய்யப்படவில்லை. தடை செய்யப்பட்டோரிடம் குருதியிழப்புக் குறைந்தது. ஆகவே நிறுத்துவதா விடுவதா என்பதைவிட, எவ்வாறு நிறுத்துவது என்பதே கேள்வியாயிற்று.

வரவும் புண்ணாக்கும்

முன்னர்ச் சொன்ன மறுபாதி உண்மைக்கு இப்போது வருவோம். குருதியின்றி வாடும் உறுப்புக்குக் குருதியை மீண்டும் விட்டால் அது தேறும் என்றே எவரும் நினைப்பர். பசித்தவனுக்குச் சோறிடுவது போன்றது அது என்று தோன்றும். ஆனால் 1960இல் அமெரிக்காவின் ராபர்ட் ஜென்னிங்ஸ் குழுவினர், நாயின் இதயத்தில் தடையை நீக்கிக் குருதியை விட்டபோது, தசையின் அழிவு விரைவுபட்டதைக் கண்டனர். 1986இல் பார்க்ஸ், கிரேஞ்சர் ஆகிய இருவர் பூனையின் சிறுகுடலில் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நான்கு மணி நேரம் குருதியின்றி இருந்த குடலைவிட, மூன்று மணி நேரம் குருதியின்றி இருந்து பின்னர் ஒரு மணி நேரம் குருதி பெற்ற குடலே மிகுதியாகப் புண்பட்டிருந்தது.

காரணம் இதுதான். தடையின்போது உயிரணுவுக்குள் இயல்பு பிறழ்ந்த நிலை உருவாகியிருக்கிறது. அந்நிலையில் உயிர்வளி திடீரெனப் பாய்ந்தால், அதன் ஒரு பகுதி தீவிரமாக வினைபுரியும் கேடுதரு வடிவங்களாக மாறி, சவ்வையும் புரதங்களையும் தாக்குகிறது. ஈரலின் நுண்குழல்களில் தங்கியுள்ள காவலணுக்கள் கிளர்ச்சியுற்று மேலும் அழற்சியை வளர்க்கின்றன. 1876இல் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர் விவரித்தமையால் குப்ஃபர் அணுக்கள் எனப்படுபவை இவையே. அவை விடுக்கும் அழைப்பை ஏற்று வெள்ளணுக்கள் திரள்கின்றன. வீங்கிய நுண்குழல்களில் அடைத்துக்கொள்கின்றன. வாயில் திறந்திருந்தும் உள்ளே குருதி பாயாத இடங்கள் தோன்றுகின்றன.

இக்கேட்டைச் சொல்ல 'இஸ்கீமியா' போதவில்லை. தடையையும் மீள்வரவையும் சேர்த்துச் சொல்லும் தொடரை மருத்துவ உலகம் ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. தமிழில் இதை 'மீள்வரவுப் புண்' என்று சொல்லலாம் என்பது நம் கருத்து. 'குருதி ஓட்ட நிறுத்தம்' என்று மட்டும் வகுப்பறையில் சொன்னால், நிறுத்தியதை விட்டதும் இடர் நீங்கிற்று என்று மாணவர் கருதுவர். கலைச்சொல் குறைபட்டால் அறிவும் குறைபடும் என்பதற்கு இது தக்க சான்று.

விட்டுவிட்டு நிறுத்துதல்

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து கேட்பார்: குருதி மீண்டு வருவதே புண்ணாக்கும் என்றால், பலமுறை நிறுத்திப் பலமுறை விடுவது பலமுறை புண்ணாக்குவதன்றோ? ஒரே தடவை நிறுத்தி முடித்துவிடுவதன்றோ நல்லது?

நியாயமான கேள்வி. இதற்கு விடை இதய ஆய்விலிருந்து வந்தது. 1986இல் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர், நாயின் இதயத் தமனியை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்து விட்டபின், 40 நிமிடம் நீடித்து அடைத்தனர். முன்பயிற்சி இல்லாத இதயத்தைவிட முன்பயிற்சி பெற்ற இதயத்தில் அழிவு மிகக் குறைவாக இருந்தது. குறுகிய தடை, நீண்ட தடையைத் தாங்க உறுப்பைப் பழக்குகிறது. ஒரு மணி நேர வெயிலை ஒரேயடியாகத் தாங்காத செடி, இடையிடையே நிழல் பெற்றால் தாங்குவது போன்றது இது. ஒவ்வொரு தடையும் குறுகியதாயின் ஆற்றல் இருப்பு முற்றும் வற்றுவதில்லை. ஒவ்வொரு வரவும் இருப்பை ஓரளவு நிரப்புகிறது. குடலின் தேக்கமும் வடிகிறது.

ஈரலில் இதை நேருக்கு நேர் ஒப்பிட்டவர்கள், பாரிஸ் அருகே க்ளிஷியில் உள்ள போஜோன் மருத்துவமனையின் ஷாக் பெல்கித்தி குழுவினர். 1999இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் 86 நோயாளிகள் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு விடாத் தடை. மற்றப் பிரிவினருக்கு 15 நிமிடம் தடை, 5 நிமிடம் வரவு என விட்டுவிட்டுத் தடை. ஈரலைப் பிரிக்கும் வேளையில், விட்டுவிட்டு நிறுத்திய பிரிவில் குருதிக் கசிவு கூடுதலாகவே இருந்தது. மொத்தக் குருதியிழப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முன்னரே நலிந்த ஈரலுடைய நால்வரின் ஈரல் அறுவைக்குப்பின் கடுமையாகச் சீர்குலைந்தது. அவர்களுள் இருவர் இறந்தனர். அந்நால்வரும் விடாத் தடை செய்யப்பட்ட பிரிவினரே.

அத்தை கேட்ட பதினைந்துக்கு விடை இங்கே இருக்கிறது. ஆயினும் அது எவரோ ஒருவர் கண்டறிந்த மாயஎண் அன்று. ஹாங்காங் ஆய்வில் 20 நிமிடம் நிறுத்தி 5 நிமிடம் விட்டனர். ஸ்விட்சர்லாந்தின் க்ளாவியென் குழுவினர், 10 நிமிடம் நிறுத்தி 10 நிமிடம் விட்டு, அதன்பின் நீண்ட தடை செய்யும் முன்பயிற்சி முறையை மனித ஈரலில் ஆராய்ந்து, 2003இல் 100 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டனர். அதில் இளையோர் கூடுதலாகப் பயன்பெற்றனர். அடுத்து வந்த ஆய்வுகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை. இன்றோ குருதியிழப்பைக் குறைக்கும் வேறு வழிகளும் வளர்ந்துள்ளன. மயக்க மருத்துவர் பெருஞ்சிரையின் அழுத்தத்தைத் தாழ்த்திவைப்பதால், வாயிலை அடைத்தாலும் நிற்காத பின்புறக் கசிவு குறைகிறது. மீயொலியால் தசையைச் சிதைத்துக் குழாயைக் காக்கும் கருவிகளும் உள்ளன. இவற்றின் துணையால், சிறிய அறுவைகளில் நாடாவைச் சுற்றி ஆயத்தமாக வைத்துவிட்டு, இறுக்காமலே முடிப்போரும் உளர்.

எண்ணியவர் யார்?

ஆகவே நூறாண்டு வரலாறு நமக்குச் சொல்வது இது: ஈரல் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதற்கு ஒற்றை எண் இல்லை. யாருடைய ஈரல், எத்தகைய ஈரல், எவ்வளவு எஞ்சப்போகிறது, விடாமல் நிறுத்துகிறோமா விட்டுவிட்டு நிறுத்துகிறோமா என்பவற்றைப் பொறுத்தே எண் அமைகிறது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் நிபந்தனைகளை விட்டவர்கள் இருமுறை வழிதவறினர்: ஒருமுறை தேவையற்ற அச்சத்தால், மறுமுறை தேவைக்கு மிஞ்சிய துணிவால்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் பாடத்தில் ஓர் எண்ணைச் சொல்லும்போது, அது யாரிடம், எந்நிலையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் வீட்டு முதியோருக்காக ஒருநாள் நீங்கள் மருத்துவமனையில் மொழிபெயர்க்க நேரும்; இந்நாட்டில் வாழும் நம்மில் பலருக்கு அது நேர்ந்திருக்கிறது. அவர்கள் கேட்பதில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டா. கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள். விடையளிப்பது மருத்துவரின் பொறுப்பு. கேள்வியைக் கொண்டுசேர்ப்பது மட்டுமே நம் பொறுப்பு. அதில் நாம் ஒருமுறை தவறினோம்.

அத்தை அறுவையிலிருந்து மீண்டு வந்து, மேலும் ஆறாண்டு வாழ்ந்தார். பின்னொரு நாள் அவருடைய கேள்விக்கு விடை சொல்ல அமர்ந்தோம். கிளாஸ்கோ நோயாளிகளையும், விடாத் தடையால் நலிந்து இறந்த இருவரையும் பற்றிக் கூறியபோது, அவர் மருத்துவர்களின் பெயர்களைக் கேட்கவில்லை. "அப்ப எண்ணுனது டாக்டருங்க மட்டுமில்லப்பா. செத்தவங்களும் சேந்துதான் எண்ணியிருக்காங்க" என்றார்.